துவைக்கிற கல்லில் எறும்பு

அப்பாவுக்கு மறதி வந்திருப்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரிவதற்கு முன்பே கோயிலில் தெரிந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் வீடு நூறு அடி. அந்த நூறு அடியைக் கடந்து ஒரு வார்த்தை வந்து சேர ஆறு மாதம் ஆனது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுடையது ஆழ்வார் பாசுரம் சேவிக்கிற, அதாவது கோயிலில் ஓதுகிற, குடும்பம். பெருமாள் முன்னால் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று சேவிப்பதைக் கோஷ்டி என்போம். ஒருவர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இருபது குரல் சேர்ந்து போகும்போது நடுவில் ஒரு குரல் விழுந்தால் வெளியே கேட்காது. அப்பா விழுந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சித்தப்பா, அவருடைய சொந்தத் தம்பி, ஒவ்வொரு முறையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அப்பா கணக்கு வாத்தியார். தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். அதுவரை வகுப்பில் தேதி கேட்டால் கிழமை சொல்லுவார். எந்த வருஷத்துத் தேதியானாலும் சரி. நான் அப்போது ஏனாத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிருமிகள் என்றால் உயிர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு வேலை செய்கிறதே என்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். தயிர்ப் பானையைத் திறந்தால்கூட அம்மா, "பாடம் ஆரம்பிச்சுடாதேடீ, பசிக்கறது" என்பாள்.

அப்படிப்பட்ட நான் வீட்டில் நடந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தேன், தப்பாகப் பார்த்தேன்.

தை மாதத்திலிருந்து அப்பா பகலில் தூங்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதே கண் சொருகும். கையெழுத்து கோணலாகப் போனது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார். பேச்சு சில நாள் குழறும், சில நாள் தெளிவாக இருக்கும். கிட்டே போனால் ஒரு வாடை. இனிப்பும் ஊசலும் கலந்த மாதிரி, மூடிவைத்த பழக்கூடையைத் திறந்தது போல. குழறல், தள்ளாட்டம், வாடை. மூன்றையும் கூட்டி நான் ஒரு விடை எழுதிவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் சாயங்காலத்தில் எங்கே போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

மாசியில் ஒருநாள் கொடியில் கிடந்த அவருடைய உத்தரீயத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து வேஷ்டிகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பங்குனியில் அவர் பென்ஷன் தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்து, பேனாவை எப்படிப் பிடிப்பதென்று அம்மாவைக் கேட்டார். அன்று உள்ளூர் டாக்டர் கண் மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் கொடுக்க ஒரு வரிசை. நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புக் கம்பியில் கோத்திருக்கும். கோடியில் ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும், "ரயில் கிளம்பிடுத்தா?" என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு தடவையும், "இன்னும் இல்ல, உக்காருங்கோ" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே ஒரு டாக்டரம்மா, வயது குறைந்தவர். அப்பாவைப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினார். உள்ளங்கைகள் சட்டென்று மடிந்து மடிந்து நிமிர்ந்தன. பறவை சிறகடிப்பது போல. பிறகு ஒரு தாள். ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை எண்கள், ஒவ்வொன்றும் ஒரு வட்டத்துக்குள், சிதறிக் கிடந்தன. வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும். டாக்டரம்மா கடிகாரத்தில் நேரம் பார்ப்பார். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஆறு வரை போனார். ஏழைத் தேடினார். ஏழு அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தேடித் தேடி, கடைசியில் ஒன்றாம் எண்ணைச் சுற்றி அழகாக இன்னொரு வட்டம் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தண்ணி பழக்கம் உண்டா?" என்றார் டாக்டரம்மா.

"பெருமாள் தீர்த்தம் தவிர இவர் வாயில வெளித் தண்ணிகூடப் பட்டதில்லம்மா!" அம்மா கொதித்துப்போனாள். "ஏன்டீ, நீ சொல்லேன்!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டரம்மா அந்தக் குனிவைப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். அப்பாவும் என்னைப் பார்த்தார். அவருக்கு எதுவும் புரியாது என்று நினைத்தேன்.

நாலு நாள் பரிசோதனையில் உண்மை வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் லாரி மோதித் தொடை எலும்பு முறிந்தபோது அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அதில் ஒரு காமாலைக் கிருமி இருந்திருக்கலாம் என்றார்கள். அதைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை அப்போது உலகத்திலேயே கிடையாது. அது சத்தமில்லாமல் பதினைந்து வருஷம் கல்லீரலைத் தின்று கல்லாக்கிவிட்டது. உயிர் காக்க வந்த ரத்தம்! எங்கே போய் முறையிடுவது?

மறதிக்குக் காரணம் கல்லீரல் மட்டுமில்லை என்று டாக்டரம்மா விளக்கியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடும் பருப்பையும் பாலையும் அவை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. கழிவறையில் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம்தான். நல்ல கல்லீரல் அதை வழியிலேயே பிடித்து மாற்றிவிடும். கல்லான கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தம் நேரே மூளைக்குப் போகிறது. அம்மோனியாவும் கூடவே போகிறது. அதனால்தான் தூக்கம், குழறல், கை நடுக்கம், மறதி. அந்த வாடையும் கல்லீரலுடையதுதான்.

"அப்போ இது சரியாகும். வயசான மறதி மாதிரி இல்லையே?" என்றேன்.

"மருந்து ஒழுங்கா போனா திரும்பி வரும்."

மருந்து ஒரு சிரப். நம்மால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை. அப்படியே இறங்கிக் குடலில் உள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகும். அவை அதைத் தின்று புளிக்கவைக்கும். அந்தப் புளிப்பில் அம்மோனியா மாட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறும். மூன்று வேளை. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது இளக்கமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் மருந்து போதவில்லை. கிருமியை வைத்தே கிருமியின் வேலையைக் கெடுக்கிறார்கள்! வார்டு முழுக்கப் பிரசங்கம் செய்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஏகாம்பரம் என்று பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர். வயிறு பானை மாதிரி வீங்கிப் படுத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் குடிச்சேன், ஈரல் பூட்ச்சி. ஐயிரு குடிக்காமயே பக்கத்துக் கட்டிலுக்கு வந்துக்கினாரே! இது இன்னா நாயம் பாப்பா?" என்றார்.

"நியாயமே இல்ல."

"குடிச்சிட்டாவது வந்திருக்கலாம் சாமி," என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அப்பா கட்டிலைவிட்டு இறங்கி ஓடப்பார்த்த நாட்களில் அவரை உட்காரவைத்தது ஏகாம்பரம்தான். "வாத்தியாரே, ஒரு கணக்கு. தறிப் பாவுல அறுபது இழைக்கு ஒரு பூப் புட்டா. நாலாயிரத்து எண்ணூறு இழைக்கு எத்தினி?" என்பார். முதல் நாள் அப்பா வெறுமனே பார்த்தார். மூன்றாம் நாள் உதட்டை அசைத்தார். ஐந்தாம் நாள் காலை, "எண்பது. நேத்திக்கும் இதையேதானே கேட்டேள்?" என்றார். ஏகாம்பரம் கட்டில் கம்பியில் தாளம் போட்டார்.

அன்று எண்களை இணைக்கும் தாளை அப்பா ஒரு நிமிஷத்துக்குள் முடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் சித்தப்பா உளறினார். நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தவர், "அப்பாடா! புரட்டாசிலேர்ந்து அண்ணாவுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் நான்தான் வார்த்தை எடுத்துக் குடுத்துண்டிருந்தேன். கோஷ்டில ஒரு பய மூச்சு விடலையே!" என்றார். பெருமையாகச் சொன்னார்.

"ஏன் சித்தப்பா எங்ககிட்ட சொல்லலை?"

"சொன்னா? நீங்க அண்ணாவை ஆத்துல உக்கார வெச்சுடுவேள். அவர் நிக்கற இடத்துல வேற ஒருத்தன் நிப்பான்."

ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவர் மூளை அம்மோனியாவில் ஊறிக்கொண்டிருந்தது. சித்தப்பா உரித்துக் கொடுத்த ஆரஞ்சை நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மருந்து பாட்டிலில் ஒவ்வொரு வேளைக்கும் பேனாவால் ஒரு அளவுக்கோடு. சுவரில் ஒரு அட்டவணை: வேளை, அளவு, எத்தனை தடவை போனார். அதை எழுத மட்டும் அப்பா கூச்சப்பட்டார். "இதையுமா கோடு போட்டு எழுதறது?" என்றார். நான் விடவில்லை. பாட்டிலில் மட்டம் கோட்டுக்குக் கோடு இறங்கியது. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அட்டவணையைப் பார்த்து, "எல்லா வீட்லயும் ஒரு ஆள் இப்படி இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார். அந்தப் பாராட்டை நான் பல நாள் மனசுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வைகாசி உற்சவம் வந்தது. மூன்றாம் நாள் கருட சேவையன்று விடியற்காலையில் வீதிப் புறப்பாடு. பெருமாளுக்கு முன்னால் கோஷ்டி நடக்கும். அப்பா தெளிவாக இருந்ததால் போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். உற்சவத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே மருந்தைத் தானே ஊற்றிக் குடிப்பதாகச் சொன்னார். நான் கோட்டை மட்டும் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

கங்கைகொண்டான் மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், அத்தனை கூட்டத்தில், கோஷ்டி நகர்ந்தது, அப்பா நகரவில்லை. பாதி பாசுரத்தில் நின்றவர், நெற்றியில் திருமண்ணும் தோளில் உத்தரீயமுமாகத் தெரு நடுவில் உட்கார்ந்து, "இது எந்த ஊர்? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சே!" என்று உரக்கக் கேட்டார். குடை பிடித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். பின்னால் யாரோ, "அய்யிரு ஏத்திக்கினு வந்துட்டாரு போல" என்றது எனக்குக் கேட்டது.

மறுபடியும் அதே வார்டு. இந்தத் தடவை கண்ணே திறக்கவில்லை.

"சிரப் குடுத்தீங்களா?"

"ஒரு வேளை தவறலை டாக்டர்," என்று அட்டவணையை நீட்டினேன். மடிப்புக் கலையாமல் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

டாக்டரம்மா அதை நம்பினார். மருந்து சரியாகப் போயும் இப்படி ஆனால் வேறு காரணம் இருக்க வேண்டும். உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எண்டோஸ்கோபி என்பது அதுதான். நினைவில்லாத மனிதருக்கும் தொண்டை எதிர்த்தது. அவர் உமட்டியதில் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வயிற்றில் சீழ் பிடித்திருக்கிறதா என்று ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கேன். அதற்கு வெளியே போய்ப் பணம் கட்டி வரவேண்டியிருந்தது, அம்மா ஒரு ஜோடி வளையலோடு போய் வெறும் கையோடு வந்தாள். எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. நல்ல செய்தி என்று சந்தோஷப்படத் தெரியாமல் நின்றோம்.

மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எறும்புச் சாரை. கல்லின் இடுக்கிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை தடிமனான கறுப்புக் கோடு. அம்மா மூன்று நாளாக ஊரில் இல்லை. அங்கே இனிப்பு எப்படி வந்தது? குனிந்து விரலால் தொட்டேன். பிசுபிசுவென்று ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்தேன். ஒரு மாதமாக என் கையால் ஊற்றிக்கொடுத்த தித்திப்பு.

நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"மருந்தை யார் கொட்டினது?"

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா கொட்டச் சொன்னார். நான் கொட்டினேன். நீ போட்ட கோடு வரைக்கும் சரியாத்தான் கொட்டினேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவர் பிசைந்த சாதத்தையே மறுபடி பிசைந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அம்மாவைக் கேட்டேன். "அஞ்சு நாள்தானேடீ. பெருமாள் பாத்துப்பார்னு நினைச்சேன்," என்றாள். அப்பாவின் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஆக எல்லாருக்கும் தெரியும். தெரியாதவள் அட்டவணை எழுதிக்கொண்டிருந்த நான் ஒருத்திதான். நான் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அட்டவணையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்குக் குழாய் வழியாகச் சிரப்பை ஏற்றச் சொன்னார். குழாய், ஊசி, ஸ்கேன் எல்லாம் நான் அடித்துச் சொன்ன ஒரு பொய்யால் அப்பா உடம்பில் பட்டவை. பொய்யென்று தெரியாமல் சொன்னேன் என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

இரண்டு நாளில் கண் திறந்தார். மூன்றாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: "மைதிலி." நான் ஏங்கிக் காத்திருந்த குரல். நான் கேட்ட முதல் வார்த்தை, "ஏன்ப்பா?"

புரிந்துகொண்டார்.

"மூணு தடவை, நாலு தடவை போகணும்கறா. ஒவ்வொரு தடவையும் வந்து தீர்த்தமாடி, மடி மாத்திண்டு, திருமண் இட்டுண்டு... அதுக்குள்ள புறப்பாடு எங்கேயோ போயிருக்கும். தெரு நடுவுல கோஷ்டியை விட்டுட்டு ஓடச் சொல்றியா?"

"பாசுரம் மறக்கக்கூடாதுன்னுதானே அந்த மருந்தே!"

"தெரியும். அஞ்சு நாள் தாக்குப்பிடிக்கும்னு கணக்குப் போட்டேன். தப்பாப் போயிடுத்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கோடு போட்டுண்டு இருந்தேனே, முட்டாள் மாதிரி."

அவர் கூரையைப் பார்த்தார்.

"நீ மட்டும் சொன்னியா? மாசி மாசம் என் உத்தரீயத்தை எடுத்து மோந்து பாத்தே. பெட்டிக்குள்ள கைவிட்டே. அறை வாசல்ல நின்னுண்டிருந்தேன். கேக்கணும்னு நினைச்சேன், வார்த்தை வரலை. அப்புறம் டாக்டர் கேட்டப்போ தலையைக் குனிஞ்சுண்டே." நிறுத்தினார். "அந்த மாசமெல்லாம் என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன் எதுவும் ஞாபகம் இல்ல. இது ரெண்டும் மட்டும் போகலைடீ."

பக்கத்துக் கட்டிலில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். ஏகாம்பரம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லி எங்கள் இரண்டு பேரையும் சிரிக்க வைத்திருப்பார். அவர் என்ன ஆனார் என்று ஆயாவைக் கேட்டேன். "பூட்டாரும்மா," என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

இதை எழுதும்போது ஆடி. அப்பா வீட்டில் இருக்கிறார். தெருப் புறப்பாட்டை விட்டுவிட்டார். சாயங்காலம் கோயிலுக்குள் நடக்கும் கோஷ்டியில் மட்டும், வரிசையின் கோடியில், விலகிப் போக வசதியாக வாசலை ஒட்டி நிற்கிறார். சித்தப்பா அவர் இடத்தில் நிற்கிறார். அப்பாவுக்கு யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருப்பதில்லை. அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மருந்தை அவரே ஊற்றிக் குடிக்கிறார். நான் கேட்பதில்லை.

ஆனால் ஏனாத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கொல்லைக்குப் போகிறேன். தினமும். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பார்க்கிறேன்.

நேற்று எறும்பு இருந்தது. நான் குனிந்து கல்லை முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் அசைவு. கொல்லை வாசலில் அப்பா.

"திருக்கண்ணமுது பாத்திரத்தை அம்மா அங்கே கவிழ்த்து வெச்சிருந்தா," என்றார். பாயசத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "வேணும்னா கேளு."

கேட்கவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்ல வரவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் நான் வந்தபோது மேஜையில் ஒரு தாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது இல்லை. ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை வட்டங்களைத் தாறுமாறாகச் சிதறவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்தார், தானே எழுதினால் இடம் தெரிந்துவிடும் என்று. என்னை எதிரே உட்காரச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"நேரம் பாரு."

பேனா ஒன்றில் தொடங்கியது. ஏழை ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். பதினேழில் ஒரு கணம் நின்றது, பிறகு போனது. இருபத்தைந்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு கேட்காமலே இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கைகளை நிமிர்த்திப் பிடித்தார். அசையவில்லை.

"போறுமா?" என்றார்.

போதும் என்று சொல்ல எனக்கு அவரைவிட அதிக நேரம் பிடித்தது.